கோழி ஜன்னல்

ஒரே ஒரு கல்லை எடுத்துக் கீழே வைப்பதற்காகக் கடல் தாண்டிப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "திருவண்ணாமலைக்குப் போறேன்" என்றதும் மலேசியாவில், எங்கள் ஈப்போவில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கிரிவலமா, வேண்டுதலா, தியானமா என்று கேட்டார்கள். வீடு இடிக்கப் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் கணவர் மணியத்தின் தாத்தா காத்தவராயனும் அவருடைய அண்ணன் வரதனும் சேர்ந்து மலையடிவாரத்தில், அடி அண்ணாமலை கிராமத்தில் கட்டிய ஒரு கல் கொட்டாய் இன்னும் நிற்கிறது. வயலுக்குள்ளே, கிணற்றை ஒட்டி, ஒரே அறையாகக் கட்டிக்கொள்ளும் சின்ன வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் கொட்டாய் என்று பெயர். கட்டி முடித்த கையோடு தம்பி மலாயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அண்ணன் அங்கேயே இருந்துவிட்டார். இப்போது வரதனின் பேரன் ஏழுமலை அதை இடித்துவிட்டுப் புது வீடு கட்டப் போகிறார். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு பேர் சேர்ந்து கட்டியதை ஒருத்தர் வழி ஆட்கள் மட்டும் இடிக்கக் கூடாது. இரண்டு வழி ஆட்களும் நின்று, சூடம் கொளுத்தி, ஆளுக்கு ஒரு கல்லைக் கையால் எடுத்து வைத்த பிறகுதான் கடப்பாரை படவேண்டும்.

"நீங்க வந்தாத்தான்ணே ஆவும்" என்று ஏழுமலை போன் மேல் போன் போட்டார். என் வீட்டுக்காரருக்கோ விமானம் என்றாலே வயிறு கலங்கும். தாத்தா கப்பல் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர், பேரன் விமான நிலைய வாசலிலேயே வாந்தி எடுப்பவர். "நீ போயிட்டு வாயேன் லா, ஒரு கல்லுதானே" என்றார். "அண்ணி வந்தா அண்ணன் வந்த மாதிரிதாங்க" என்று ஏழுமலையும் ஒத்துக்கொண்டார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்திக் கை ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கும் ஊர் பார்க்க ஆசைதான்.

இன்னொரு ஆசையும் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் வைத்த மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. ஒரு வாய் சாப்பிட்ட மாமனார், "கோழி ஜன்னல் வச்சிட்டியேம்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, இந்த வீட்டில் யார் எந்த வேலையைச் சொதப்பினாலும் இந்தப் பேச்சுதான். தாத்தா காத்தவராயன் ஊர்க் கொட்டாய்க்கு ஜன்னலை முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டாராம். கப்பலுக்கு நேரமாச்சு என்ற அவசரத்தில் ஏதோ வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாராம். கோழி மட்டும்தான் எட்டிப்பார்க்க முடியுமாம். இவ்வளவு வருஷம் என் தலையில் விழுந்த அந்த ஜன்னலை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

முதல் நாள் அமர்க்களமாக ஆரம்பித்தது. திருவண்ணாமலையில் ஷேர் ஆட்டோ என்று ஒன்று ஓடுகிறது. இடமே இல்லை என்று நமக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது. என்னை ஓர் ஆந்திரக் குடும்பத்தின் நடுவில் சொருகிவிட்டு, என் பெட்டியை மேலே கட்டினார். கட்டினார் என்று அவர் சொன்னார். ராஜகோபுரத்துக்கு நேர் எதிரே ஒரு வேகத்தடையில் வண்டி எகிற, பெட்டி கீழே விழுந்து வாயைப் பிளந்தது. உறவுக்காரர்களுக்கென்று நான் ஆசை ஆசையாகக் கட்டி எடுத்துவந்த ஈப்போ நெத்திலிக் கருவாடு கோயில் வாசலில் பரவிக் கிடந்தது.

"இன்னாம்மா இது, சாமி வாசல்ல கருவாட்டக் கொட்டிக்கினு!" என்று டிரைவர் என்னைத் திட்டினார். கட்டத் தெரியாதது அவர், திட்டு வாங்கினது நான். ஆட்டோவில் இருந்த ஆந்திரத்து அம்மாள் தன் மகளிடம், "பாவம், இந்தம்மா சாமிக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருக்கும் போலிருக்கு" என்று தெலுங்கில் சொன்னது எனக்கும் அரைகுறையாகப் புரிந்தது. மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு நாய்களும் நானும் போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கினோம். நாய்கள்தான் ஜெயித்தன.

ஏழுமலை டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஒரு அலுவலகத்தில் டிரைவர், மற்ற நேரத்தில் விவசாயம். ஆள் உயரம், தொப்பை, தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. "வாங்க அண்ணி, வாங்க" என்று பெட்டியை வாங்கினவர் நேரே சமையலறைக்குள் ஓடினார். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை. அவர் மனைவி அஞ்சலை உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார்.

போனில் ஏழுமலை சொல்லியிருந்தார்தான், நேரில் பார்க்கும்போது மனசு என்னமோ ஆகிவிட்டது. கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகியும் கால் ஊன்ற முடியவில்லை. இனி ஊன்றுவாரா என்பதையும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரே பெண் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அதனால் குளிப்பாட்டுவது, சமைப்பது, ஊட்டுவது எல்லாம் ஏழுமலைதான்.

"வாங்கக்கா. எழுந்து வந்து கூப்பிட முடியல, கோச்சிக்காதீங்க" என்று அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பக்கத்து வீட்டின் பூசாத செங்கல் சுவர்.

"ஆஸ்பத்திரி கிட்ட, பாத்ரூம் வசதி, எல்லாம் சரிதாங்கக்கா. மலைதான் தெரியல" என்றார். "பொறந்ததும் அடி அண்ணாமலை, வாக்கப்பட்டதும் அடி அண்ணாமலை. காலைல கண்ணத் தொறந்தா மலை. மலையப் பாக்காம ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல நானு. தீபத்தன்னிக்கு மலை மேல ஏத்தறதப் பாத்தப்புறம்தான் வாசல்ல வெளக்கு வெப்போம். எங்க தெருவுல நான்தான் மொதல்ல பாத்து, ஏத்திட்டாங்கன்னு கத்துவன். என் சத்தம் கேட்டுத்தான் மத்த வூட்டுல எல்லாம் ஏத்துவாங்க. இப்ப செவுத்தப் பாத்துக்கினு கெடக்கறன்."

அதற்காகத்தான் புது வீடு. கொட்டாய் இருக்கும் இடத்தில், மலையைப் பார்த்தபடி, ஆள் உயர ஜன்னல் வைத்து ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை, சக்கர நாற்காலி போகிற தரை. ஏழுமலை எல்லாவற்றையும் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். "ஒரு தடவ ஆட்டோல மலையக் காட்டக் கூப்டுக்கினு போனன் அண்ணி. குலுக்கின குலுக்குல வலி தாங்காம அழுதுட்டா. அதான், மலை பக்கத்துலயே வெச்சிடலாம்னு. அடுத்த தீபத்துக்குள்ள முடிச்சிடுவன்."

அடுத்த தீபம் என்றால் அடுத்த வருஷம். இந்த வருஷத் தீபத்துக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. அஞ்சலை அவர் போகும்வரை காத்திருந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அதுவரைக்கும் நான் இருப்பனோ இன்னாவோ. அவருகிட்ட சொல்லிடாதீங்க." தலையணையைச் சரிபண்ணிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போல, "பசியாறலாமா தம்பி?" என்றேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். அவர் பதறிப்போய், "ராத்திரியெல்லாம் பசியோடவா இருந்தீங்க?" என்று இட்டிலியைக் குவித்துவிட்டார். தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர். சொந்த வயலில் விளைந்தது. உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி, கடலை கொஞ்சம் கருகல். சிற்றுண்டிச்சாலைக்காரிக்குக் கை பரபரத்தது. ஆனால் அந்தப் பெரிய மனிதர் இட்டிலியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, மனைவிக்கு ஊட்டிய அழகைப் பார்த்தபின் ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. நானும் நாலு இட்டிலி கூடவே சாப்பிட்டேன்.

அன்று ஏழுமலைக்கு வேலை இருந்ததால் நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா அன்றைக்குக்கூட வண்டி நிறுத்துவதற்குத்தான் தள்ளுமுள்ளு. இங்கே சாதாரண நாளிலேயே சாமி பார்ப்பதற்கு வரிசை வளைந்து வளைந்து போகிறது. தரிசனம் முடித்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ குட்டியூண்டு டம்ளரில் வந்தது. எங்கள் ஊரில் ஆற்றித் தரும் தே தாரே டீக் குவளையில் நாலு பேருக்கு ஊற்றலாம். ஆனால் ருசியில் நான் வாயைத் திறக்க மாட்டேன், அந்த இஞ்சி டீக்கு எங்கள் ஊரில் பதில் இல்லை.

பக்கத்து பெஞ்சில் பருத்தி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். "இந்த மலைதான் என்னைக் கூப்பிட்டது. நானாக வரவில்லை" என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். "எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்றார் மற்றவர். என்னைக் கூப்பிட்டது ஏழுமலை, அதுவும் வீடு இடிக்க. நான் அவர்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

மூன்றாம் நாள்தான் கொட்டாயைப் பார்த்தேன். கிரிவலப் பாதையிலிருந்து மல்லாட்டை வயலுக்கு நடுவே ஒரு மண் பாதை இறங்குகிறது. கடைசியில் கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் கொட்டாய். எதிரே மலை, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு.

"கெணறு வெட்டறப்ப வந்த கல்லுதான் அண்ணி அத்தனையும்" என்று ஏழுமலை சுவரைத் தட்டிக் காட்டினார். "பெரிய தாத்தா வெடி வெச்சி எடுப்பாராம். சின்ன தாத்தா அதயே எடுத்து மண்ணு கொழைச்சி அடுக்குவாராம். கெணத்துல தண்ணி வரவும் கொட்டாய் முடியவும் சரியா இருந்துதாம். மேலதான் பனையோல மாறி ஓடு வந்துச்சி. செவுரு அவங்க கட்டினதுதான்."

கையகலக் கற்கள், தலையளவுக் கற்கள், ஒன்றின் வளைவில் ஒன்று பொருந்தி உட்கார்ந்திருந்தன. வெளியே நல்ல வெயில், உள்ளே கால் வைத்ததும் குளிர்ந்தது. என் வீட்டுக்காரரின் தாத்தா கைபட்ட சுவர். நான் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வாசல் கிணற்றுப் பக்கம் பார்த்தது. மலைப் பக்கத்துச் சுவரில் இருந்தது அந்த ஜன்னல்.

அடேயப்பா, சொன்னது பொய்யில்லை. முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து என் இடுப்புக்குக் கீழேயே முடிந்துவிட்டது. நின்று பார்த்தால் தரையும் வயல் வரப்பும்தான் தெரிந்தன. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "கோழி ஜன்னல்!" என்றேன்.

ஏழுமலை அசந்துவிட்டார். "உங்க ஊருலயும் அப்டித்தான் சொல்றாங்களா? இங்க நாங்க எது கோணலா போனாலும் சின்ன தாத்தா வேலைன்னுதான் சொல்லுவோம்!" இரண்டு தேசத்தில் இரண்டு குடும்பம் ஒரே ஆளை விடாமல் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜன்னல் பக்கத்து மூலையில் அடுக்கியிருந்த மல்லாட்டை மூட்டைகளை முந்தின நாள்தான் காலி செய்திருந்தார்கள். அங்கே மட்டும் தரை வேறு நிறத்தில் இருந்தது. "இந்த மூலைல எப்பவும் மூட்டதான். யாரும் படுக்க மாட்டோம், எங்கப்பா விட மாட்டாரு" என்றார் ஏழுமலை. "எங்க ஆயா முனியம்மா, பெரிய தாத்தா சம்சாரம், இங்கதான் கெடந்தாங்களாம். கொட்டாய் கட்டறப்பவே புள்ள பொறந்து ரெண்டு காலும் வெளங்காம போயிடிச்சாம். கெடந்து கெடந்து இங்கயே செத்துட்டாங்க. சாவு உழுந்த எடம்னு மூட்ட போட்டு மறைச்சிட்டாங்க." பாவம் அந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

மேஸ்திரி வந்துவிட்டார். கொத்தனார் வேலைக்குத் தலைமை அவர். இடிக்கிற பொக்லைன் வண்டி பாதையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. "சீக்கிரம் கல்ல எடுங்கம்மா, எனக்கு இன்னொரு எடத்துல வேல கீது" என்று அவசரப்படுத்தினார். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தினார்கள். ஏழுமலை வாசல் பக்கம் தளர்ந்திருந்த ஒரு கல்லை எளிதாக உருவி வைத்தார். அடுத்தது என் முறை. தம்பி வழி ஆள், தம்பி வைத்த ஜன்னல் பக்கத்திலிருந்து எடுப்பதுதான் முறை என்றார் ஏழுமலை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு கல்லைக் காட்டினார்.

பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "ஆட்டி இழுங்கம்மா" என்றார் மேஸ்திரி. ஆட்டினேன், அது ஆடவில்லை. எத்தனையோ வருஷம் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கியவள் நான், ஒரு கல்லுக்கா தோற்பது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தேன். கல் அப்படியே இருந்தது. என் இடுப்பில்தான் ஏதோ சுளுக்கென்று பிடித்தது.

"ஐயோ, அம்மா!" என்று கத்திக்கொண்டு அந்த மூலையிலேயே உட்கார்ந்து, உட்காரவும் முடியாமல் தரையோடு படுத்துவிட்டேன். ஏழுமலை தண்ணீருக்கு ஓடினார். கேடுகெட்ட கல்லே, காத்தவராயத் தாத்தாவே, உங்களை இடிக்க வந்ததற்கு என்னை இடித்துவிட்டீர்களே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன்.

கோழி ஜன்னல் முழுக்க மலை இருந்தது. அடிவாரத்திலிருந்து ஏறி, பாறைகளைத் தாண்டி, உச்சி வரைக்கும் முழு மலை. மேல் சட்டத்துக்குச் சற்றுக் கீழே, வானத்துக்கு எதிரே, தீபம் ஏற்றுகிற அந்த உச்சி.

வலியோடு கையை ஊன்றிப் பாதி எழுந்தேன். உச்சி மறைந்துவிட்டது. படுத்தேன். உச்சி வந்தது. மறுபடி எழுந்தேன், மறுபடி படுத்தேன். சொம்போடு வந்த ஏழுமலை, வலியில் புரள்கிறேன் என்று நினைத்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அண்ணி" என்று பதறினார்.

"சொம்பை வச்சுட்டு இங்க வந்து படுங்க தம்பி" என்றேன்.

"அந்த எடத்துலயா?"

"படுங்கன்னா படுங்க!"

தயங்கித் தயங்கி, வெள்ளைச் சட்டையோடு அந்த மண் தரையில் படுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது.

"எங்க ஆயாவுக்கு வெச்சதுங்க இது" என்றார். "அவங்களால எழ முடியாதுன்னுதான்... படுத்துக்கினே பாக்கட்டும்னு... ஊரு சிரிக்கும்னு தெரிஞ்சும் வெச்சிட்டுப் போயிருக்காரே. அந்த மனுசனப் போயி இத்தினி வருசமா..." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணிக்காகக் கல்லடுக்கிவிட்டுக் கப்பலேறிய மனிதர், தன் பிள்ளையிடம்கூட இதைச் சொல்லாமலே போயிருக்கிறார். உப்புக் கூடிய குழம்புக்கெல்லாம் அவர் பெயரை இழுத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"இன்னாங்க ரெண்டு பேரும் படுத்துட்டீங்க? வேல நடக்குமா நடக்காதா?" என்று மேஸ்திரி உள்ளே வந்தார். அவரையும் படுக்க வைத்தோம். படுத்துப் பார்த்தவர் மூக்கில் விரலை வைத்தார். வெளியே போய்ப் பொக்லைன்காரரிடம், "வண்டிய எடுத்துக்கினு போப்பா, இன்னைக்கு இல்ல" என்றார். அன்றைக்கு இல்லை என்றால் என்றைக்கும் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. என் இடுப்புக்கு மட்டும் யாரும் ஒரு வழியும் சொல்லவில்லை.

செய்தியைக் கேட்ட அஞ்சலை முதலில் நம்பவில்லை. போனில் எடுத்த படத்தைக் காட்டினோம். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னை அங்க தூக்கிக்கினு போங்க" என்றார். பாத்ரூம் இல்லை, தரை சரியில்லை, பூச்சி வரும் என்று ஏழுமலை இழுத்தார். "எல்லாம் கட்டிக்கலாம், மலையக் கட்ட முடியுமா?" என்று ஒரே போடாகப் போட்டார் அஞ்சலை. அந்த வாரமே மேஸ்திரி தரைக்குச் சிமெண்ட் போட்டு, பின் சுவரை ஒட்டி ஒரு குளியலறை எழுப்பினார். ஜன்னலில் கை வைக்கவில்லை. நான் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டேன். "ஒரு கல்லுதானேன்னு சொன்னேன், என்னா செய்றே அங்க?" என்று ஈப்போவிலிருந்து போன் வந்தது. நடந்ததைச் சொன்னேன். "நானே வந்திருக்கலாம்" என்றார் மணியம்.

பௌர்ணமி அன்றைக்குத்தான் போகவேண்டும் என்று அஞ்சலை பிடிவாதம். அதுவும் குறுக்கு வழியில் கூடாது, சுற்றானாலும் மலையை வலமாகத்தான் போகவேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அண்ணன் வேன் கொண்டுவந்தார். பின்னால் மெத்தை போட்டு, கட்டிலோடு ஏற்றினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். வேன் நடையைவிட மெதுவாகப் போனது.

கிரிவலப் பாதையில் வழக்கம்போல ஜனக்கடல். ஒரு இடத்தில் போலீஸ்காரர், இதற்குமேல் வண்டி போகாது என்று கையைக் காட்டிவிட்டார். ஏழுமலையும் மச்சானும் கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு வழியில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாலு பேராகக் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

தோளில் கட்டில், மேலே போர்த்திய ஆள், முன்னால் அழுத கண்ணோடு ஏழுமலை. கூட்டம் என்ன நினைக்கும்? சட்டென்று வழி விலகியது. சிலர் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டார். "எவ்வளவு புண்ணியம், கிரிவலத்திலேயே போயிருக்கிறாங்க" என்று ஒரு தெலுங்குக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலை போர்வையை விலக்கித் தலையைத் தூக்கினார். "யோவ், நான் உசுரோடதான் கீறன்! கும்புடறத மலையப் பாத்து கும்புடுங்க, வழி விடுங்க!"

கும்பிட்டவர் அலறிப் பின்னால் நகர்ந்தார். அப்புறம் பாதை முழுக்கச் சிரிப்பு. "அரோகரா!" என்று யாரோ கத்த, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தோள் கொடுக்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். "ஆட்டோவ விட இதாங்கக்கா சொகம்" என்றார் அஞ்சலை, கட்டில் மேலிருந்து என்னைப் பார்த்து.

கட்டிலை வாசலில் இறக்கி, கொட்டாய்க்குள் அந்த மூலைத் தரையில் மெத்தையோடு அஞ்சலையைப் படுக்க வைத்தோம். அஞ்சலை முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "வந்துட்டன்" என்றார் மலையிடம். பிறகு ஏழுமலையிடம், "கொஞ்சம் தண்ணி குடுய்யா" என்றார்.

நான் ஊர் திரும்பிய பிறகும் இடுப்பு வலி பல நாள் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு மாற்றம். யாராவது ஒரு வேலையை உருப்படியாகச் செய்தால்தான் இப்போது கோழி ஜன்னல் வைத்ததாகச் சொல்கிறோம். மணியம் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.

கார்த்திகை தீபத்தன்று ஏழுமலை வீடியோவில் வந்தார். எங்களுக்கு அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம், அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிணற்று மேட்டில் அக்கம்பக்கத்துக் கொட்டாய்க்காரர்கள் எல்லாரும் மலையைப் பார்த்து நின்றிருந்தார்கள். மலையில் மேகம் வேறு. "ஒண்ணும் தெரியல அண்ணி, மூடிக்கினு கீது" என்று போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார் ஏழுமலை. எங்கள் வாசலில் அகல் விளக்குகளை வரிசையாக எண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன். வருஷா வருஷம் சாயங்காலமே ஏற்றிவிடுவோம். இந்தத் தடவை மணியம் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால், கொட்டாய்க்கு உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏத்திட்டாங்க! ஏத்திட்டாங்க!"

ஏழுமலை திரும்பினார். கிணற்று மேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள். வயலுக்கு வயல் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மணியம் குச்சியைக் கிழித்து எங்கள் முதல் விளக்கை ஏற்றினார்.